மஞ்சள் வாளி

ஜூன் 17, 2007. ஞாயிறு. அல் குசைஸ், துபாய்

காலையிலேயே அனல். ஏ.சி. தண்ணீர் ஒரு பக்கெட் நிறைந்தது. கால்மிதியெல்லாம் அலசியாச்சு.

வாங்க வேண்டியவை: உளுந்து, தயிர், முருங்கைக்காய் (விலை கேட்டுவிட்டு).

விஷயம் இதுதான். ஐரோப்பாவுக்குப் போகிற மணல் வாளி, குட்டி மண்வெட்டி எல்லாவற்றுக்கும் இனி என் பேத்தி நித்யா கையெழுத்து. பிளாஸ்டிக் கம்பெனி லேபில் அவள்தான் கெமிஸ்ட். நான் அஞ்சாம் வகுப்பு. கீழ்வீட்டுச் செல்வியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் புருஷன் முருகேசனும் அதே கம்பெனிதான், கலர் கலக்குகிற இடத்தில் ஃபோர்மேன்.

ஜூன் 18, திங்கள்

மணல் காற்று. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி.

நி. விளக்கினாள். முன்பு ஐரோப்பாவில் ஆபீசர் வந்து புகைக்குழாயையும் சாக்கடையையும்தான் பார்ப்பாராம். இப்போது புது வழி. பொருளில் என்ன சேர்ந்திருக்கிறது என்று செய்கிறவனே தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். சொல்லாதவன் அங்கே விற்க முடியாது.

எங்கள் ஊரில் மாசுக் கட்டுப்பாட்டு போர்டு ஜீப் வருகிற அன்று மட்டும் தோல் கம்பெனிக்காரன் கழிவுக் குழாயை மூடுவான். ஜீப் திரும்பியதும் ஆற்றில் திறப்பான். எங்கள் கிணறு அப்படித்தான் போயிற்று.

"யாரும் வந்து பாக்கலன்னா பொய் சொல்ல மாட்டாங்களாடி?"

"சொல்லுவாங்க ஆயா. அதுக்குத்தான் என் கையெழுத்து கேக்கறாங்க."

சிரிக்கவில்லை அவள்.

ஜூன் 19, செவ்வாய்

நி. சாப்பிடவில்லை. ரசத்தில் உப்பு அதிகம், அதனால் இல்லை.

லேபில் கலர்ப் பொடிகளை டெஸ்ட் பண்ணினாளாம். வெள்ளை, நீலம் இரண்டும் சுத்தம். மஞ்சள் பொடியில் ஈயம். மேனேஜர் மூன்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். எல்லாரும் போடுகிறார்கள், யார் கடித்துப் பார்க்கப் போகிறார்கள் என்றாராம். குழந்தை கடிக்கும் சார் என்றாளாம் இவள். என் பேத்தி.

வியாழன் வரை டைம். இல்லையென்றால் விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 20, புதன்

செல்வி வந்தாள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. மஞ்சள் லைன் நின்றால் முருகேசனை லீவில் அனுப்பிவிடுவார்களாம். திரும்பக் கூப்பிடாத லீவு.

"நீங்க சொன்னா கேக்கும்மா அது. ஒரு கையெழுத்துதானே."

நான் பீற்றிக்கொண்டதால்தானே என்னிடம் வந்தாள். ஒரு தூக்கு இட்லி மாவு கொடுத்தனுப்பினேன்.

முருகேசனுக்கு மாதக்கணக்காக வயிற்று வலி. நகக்கண்ணெல்லாம் மஞ்சள். ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கள் என்று நி. எத்தனையோ முறை சொல்லியாச்சு. டூட்டி போய்விடும் என்று பயம் அவனுக்கு.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வாளியை வாயில் வைக்கும் என்று அங்கே சட்டம். நல்ல சட்டம். இங்கே இவன் தினமும் பொடியை மூச்சில் இழுக்கிறான். கப்பலில் ஏறுகிறதைத்தான் கேட்கிறார்கள். ஏற்றுகிறவனை?

ஜூன் 21, வியாழன்

செல்வி வந்து போனதைக் காலையில் நி.யிடம் சொன்னேன். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் செருப்பை மாட்டினாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம்: வெள்ளைக்கும் நீலத்துக்கும் போட்டிருக்கிறாள். மஞ்சளுக்கு இல்லை. மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். விசா என்னாகும், தெரியாது.

தயிர் புளித்துவிட்டது.

ஜூன் 23, சனி

மஞ்சள் லைன் நிறுத்தம். முருகேசனுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு.

தூக்கு வந்தது. செல்வி பெல் அடிக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கழுவித் துடைத்து, உள்ளே ஒன்றுமில்லாமல். வாங்கின பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்ப மாட்டோம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான். செல்வியும் இதுவரை அப்படித்தான்.

நி. தூக்கைத் திறந்து பார்த்தாள். மூடினாள். உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினாள். அந்தப் பொடியின் பெயர், அதில் என்ன இருக்கிறது, ஊருக்குப் போனதும் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும், எல்லாம். அடியில் கையெழுத்து. இதை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

தூக்கில் மறுபடி மாவு நிரப்பியிருக்கிறேன். சீட்டு மூடிமேல். கீழே கொண்டுபோகிறேன். கதவைத் திறப்பாளோ என்னவோ.