சிட்டுத் தண்ணி

என்னங்க,

போன இடத்துல நேரத்துக்குச் சாப்பிடுங்க.

வயித்துப்போக்குக்குக் கலக்கிக் கொடுக்குற உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தை இப்போ அரசாங்கமே இலவசமா தருது. நம்ம தெருவுக்கு நான்தான் கொடுக்குறேன். எதிர்வீட்டுக் கைக்குழந்தை நேத்து துவண்டு கிடந்துச்சு. ஸ்பூன் ஸ்பூனா ஊட்டினேன். சாயங்காலம் என் முடியைப் பிடிச்சு இழுக்குது, ராங்கி.

கலக்கும்போதெல்லாம், "எங்க பொண்ணு சிட்டுக்கு இது கிடைக்காமப் போச்சே"ன்னு வாயில வந்துடும். தெருவே அதுக்குச் சிட்டுத் தண்ணின்னு பேர் வச்சிடுச்சு. "அக்கா, சிட்டுத் தண்ணி இருக்கா?"ன்னு கதவைத் தட்டுறாங்க.

அவ போனதுக்கப்புறம் அவ பேரை யாரும் சொல்லல, நாமளும்தான். இப்போ நாள் முழுக்கக் காதுல விழுது. கேட்க நல்லாத்தாங்க இருக்கு. பதில் போடும்போது நீங்களும் ஒரு தடவை எழுதுங்க.

இப்படிக்கு,
சிட்டு அம்மா