ஆறாம் நம்பர் கல்

இதை எழுதுகிற மேசைமேல் ஒரு வெள்ளைக் கட்டி இருக்கிறது. எலுமிச்சம்பழ அளவு. காலையில் பள்ளத்திலிருந்து எடுத்து வந்தேன். வாயருகே வைத்து ஊதினால் மழையில் நனைந்த மண்சுவரின் வாசனை வருகிறது. ஊதி முகர்ந்ததும் காலேஜ் ஜியாலஜி லேபும், ஜன்னல் ஓரத்து மூன்றாவது பெஞ்சும், அதில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீயும் வந்துவிட்டீர்கள்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு உன்மேல் இருந்தது பொறாமை. இப்போதும் இருக்கிறது. நட்பு இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் முதலில் வந்தது பொறாமைதான். அதனால் அதையே முதலில் எழுதுகிறேன்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அந்தப் பக்கம் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கிறோம். எல்லா இடத்திலும் பாறை வந்துவிட்டது. வடகிழக்கு மூலையில் மட்டும், பாறைக்கு நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ இருந்தது. முனியப்பா மேஸ்திரி கடப்பாரையால் நாலு தட்டு தட்டிவிட்டு, "சுக்கான் கல்லு மேடம். கெட்டியாத்தான் கீது. கான்கிரீட் போட்டுடலாம்" என்றார். அத்திபெலேயிலிருந்து மிக்ஸர் லாரிகள் கிளம்பியாகிவிட்டது. சுண்ணாம்புச் சுக்கானாக இருந்தால் பரவாயில்லை. களிமண்ணாக இருந்தால், காய்ந்திருக்கும்வரை கல் மாதிரி நடிக்கும், தண்ணீர் பட்டதும் குழைந்துவிடும். அதன்மேல் தூணை நிறுத்த முடியாது. சுற்றிலும் பதினைந்து பேர் நின்று என் முகத்தையே பார்த்தார்கள். மேடம் பார்த்தாலே கல்லைச் சொல்லிவிடுவார் என்று இந்தக் கம்பெனியில் எனக்கு ஒரு பேர் உண்டு. அதை ஆரம்பித்து வைத்தவளே நீதான்.

ஆனால் அந்தப் பேருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டாய்.

முதல் லேப் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? மரத் தட்டுகளில் வரிசையாகக் கற்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர். சிவில் படிக்க வந்தவர்களுக்கு ஜியாலஜி ஒரு தொல்லை. கட்டடம் கட்ட வந்தோம், கூழாங்கல் பொறுக்கவா வந்தோம் என்று கேலி பேசிக்கொண்டிருந்தோம். நான் மட்டும் முந்தின நாளே பாடத்தைப் படித்துவிட்டு வந்திருந்தேன். மல்லேஸ்வரத்து வீடு, அலமாரி நிறையப் புத்தகம், இரண்டு தலைமுறையாக அரசாங்க உத்தியோகம், அதற்கேற்ற திமிர். சார் ஒரு வெளிர்பச்சைக் கல்லைத் தூக்கிக் காட்டி இது என்ன என்றார். நான் எழுந்து பளபளப்பு, கடினம் என்று புத்தகத்தில் இருந்த வரிசையிலேயே ஒப்பிக்க ஆரம்பித்தேன். நீ கையை நீட்டி அந்தக் கல்லை வாங்கி, பெருவிரலால் தேய்த்து, நுனி நாக்கில் வைத்தாய்.

"பலப்பம் சார் இது" என்றாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னாடி அப்டி பாக்குற? சின்ன வயசுல சிலேட்டுப் பலப்பம் தின்னதில்லையா நீ?"

சாருக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனால் பலப்பம் அவருக்கும் புரிந்தது. "ஹௌதம்மா, பளபத கல்லே!" என்று கன்னடத்தில் சொல்லிக் கைதட்டிச் சிரித்தார். நான் ஒப்பித்த நாலு வரியும் அந்தரத்தில் நின்றது. ஸ்ரீராம்புரத்து சந்திலிருந்து, அண்ணனுடைய பழைய வெள்ளைச் சட்டையை லேப் கோட்டாகப் போட்டுக்கொண்டு வந்த நீ, பலப்பம் தின்ற நாக்கால் என்னை ஜெயித்துவிட்டாய். அன்றைக்கு ஆரம்பித்தது.

நாங்கள் எல்லாரும் கற்களை நம்பரால்தான் படித்தோம். பதினேழு என்றால் ஆர்த்தோகிளேஸ், ஓரத்தில் பல் உடைந்த மாதிரி இருப்பது இருபத்திரண்டு. நீ நம்பரைப் பார்க்கவே மாட்டாய். ஈயத் தாதுவான கலீனாவைத் தூக்கிவிட்டு, "இது கல்லா, தூங்கிப்போன கொழந்தயா? இந்தக் கனம் கனக்குது" என்பாய். வெள்ளைக் களிமண்ணான கயோலினை நாக்கில் வைத்துக் கையை எடுத்துவிடுவாய். அது அப்படியே ஒட்டிக்கொண்டு தொங்கும். "பாருடி, உடமாட்டேங்குது!" என்று கல்லோடு சேர்த்தே பேசுவாய். நான் சிரிப்பேன். வயிறு எரியும்.

மேப் போடுவதில் நீ சுத்த மக்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரையச் சொன்னால் மலையைத் தலைகீழாக நிறுத்துவாய். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தெரியாததைத் தெரியாது என்று கேட்க உனக்குக் கூச்சமே கிடையாது. எனக்கு அதுவும் வராது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அந்த வருஷம் லேப் பரீட்சையில் முதலாக வருகிற ஒருவரைக் கோடை விடுமுறையில் ஒரு சுரங்க வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகிற சுரங்கம். பாறை பார்க்கிற குழுவோடு ஆறு வாரம். நீ அதைக் கேட்ட நாளிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை. "எங்கப்பா கார்ப்பரேஷன்ல ரோடு போட்டுத்தான் எங்கள வளத்தாரு. ஒடச்ச ஜல்லியத்தான் பாத்து வளந்தேன். ஒடைக்காத மலை உள்ள எப்டி கீதுன்னு ஒருவாட்டி பாக்கணும்டி" என்றாய். எனக்கு மலைமேல் எந்த ஆசையும் இல்லை. நீ ஆசைப்பட்டதால் எனக்கு வேண்டியிருந்தது.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால், கான்டீனில், நீ இல்லாதபோது, "எங்க நம்ம நாலிகெ இன்னைக்குக் காணோம்?" என்று கேட்டேன். கன்னடத்தில் நாக்கு. மேசையே குலுங்கச் சிரித்தது. நான் நினைத்ததைவிட வேகமாகப் பரவிவிட்டது. இரண்டே நாளில், நீ கல்லைத் தொட்டால் பின்பெஞ்சில் யாராவது நாக்கைத் தொங்கப் போட்டார்கள். கல் தட்டில் "நாலிகெயின் தட்டு" என்று எவனோ சீட்டு ஒட்டினான். நீ அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய்.

"யாருடி இந்தப் பேர வெச்சது?"

"தெரியலையே" என்றேன்.

நான்தான் வைத்தேன். இத்தனை வருஷத்தில் இதை எழுத்தில் போடுவது இதுவே முதல் தடவை.

அப்புறம் நீ கல்லை வாயருகே கொண்டுபோகவில்லை. துப்பட்டாவால் துடைத்து, எங்களைப் போலவே கண்ணால் பார்த்துவிட்டு, கீழே வைத்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சையன்று வெளியிலிருந்து வந்தவர் லேப் கற்களை ஒதுக்கிவிட்டுத் தன் பையிலிருந்து பத்துக் கல்லை எடுத்து வரிசையாக வைத்தார். எல்லாம் புதுசு, ஒன்று முதல் பத்துவரை சீட்டு. நாங்கள் உருப்போட்ட நம்பரும் மூளியும் அத்தனையும் வீண். வகுப்பே வெளிறிப்போய் நின்றது. ஒரு கல்லுக்கு இரண்டு நிமிஷம், மணி அடித்தால் அடுத்த கல். எனக்கு முன்னால் நீ. ஆறாம் நம்பர் வெள்ளைக் கல். சாக் சுண்ணாம்பா, மேக்னசைட்டா, கயோலினா? சுண்ணாம்பு என்றால் ஆசிட் பட்டதும் நுரைக்கும், அன்றைக்கு ஆசிட்டும் வைக்கவில்லை.

நீ அதை எடுத்தாய். வாய்வரைக்கும் கை போனது. எதிர் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். சும்மா கனைத்ததாகவே இருக்கலாம். நீ கல்லைக் கீழே வைத்துவிட்டு எதையோ எழுதினாய். மணி அடித்தது.

நான் வந்து எடுத்தபோது கல் காய்ந்திருந்தது. நாக்கு பட்டிருந்தால் அந்த இடம் கறுத்து ஈரமாகத் தெரியும், உன் பக்கத்தில் உட்கார்ந்து நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பொட்டு ஈரமும் இல்லை. நீ சொல்லவே வேண்டாம், கல்லே சொல்லிவிட்டது. நான் பென்சிலைக் கீழே போட்டேன். எடுக்கிற மாதிரி குனிந்து, மேசைக்கு அடியில், அந்தக் கல்லை நாக்கில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. துடைத்து வைத்துவிட்டு, கயோலின் என்று எழுதினேன்.

வெளியே வந்ததும் நீ ஓடி வந்தாய். "ஆறாம் நம்பர் இன்னா எழுதின?"

"கயோலின்."

"அய்யோ, நான் மேக்னசைட்டுன்னு எழுதிட்டனே. எப்டிடி கண்டுபுடிச்ச?"

"பாத்தாலே தெரிஞ்சுது."

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "கண்ணுன்னா உன்னுதுதான்டி கண்ணு" என்றாய். அதில் துளி நடிப்பு இல்லை. என்னை ஒரு அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு கல் வித்தியாசத்தில் நான் முதலாக வந்தேன். சுரங்கத்துக்கும் போனேன். ஆறு வாரமும் தலையில் தண்ணீர் சொட்ட, இருட்டுக்குப் பயந்து, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று நாளை எண்ணினேன். நீயாக இருந்திருந்தால் அந்தச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே போயிருப்பாய். ஆள் இல்லாத நேரத்தில் மலையையே நக்கிப் பார்த்திருப்பாய். திரும்பி வந்ததும், "உள்ள எப்டி இருந்துச்சு?" என்று கேட்டாய். "சும்மா இருட்டு" என்றேன். உனக்குக் கிடைக்காத ஒன்றை உன் காதுக்குக்கூட நான் ஒழுங்காகக் கொண்டுவந்து தரவில்லை.

பல வருஷம் கழித்து அத்திபெலேயில், நீ வேலை பார்த்த கான்கிரீட் பிளான்ட்டுக்கு வந்தேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசலில் மணல் லாரி ஒன்று நின்றிருந்தது. நீ ஒரு சிட்டிகை மணலை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் நாக்கில் வைத்து, துப்பிவிட்டு, "உப்பு கரிக்குது. திருப்பி எடுத்துகினு போ" என்றாய். டிரைவர் உடனே லாரியைத் திருப்பினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. உன் நாக்கு உனக்குத் திரும்பி வந்துவிட்டிருந்தது. என் உதவி இல்லாமலே. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் பேச்சை இப்படிக் கேட்கிறவர்கள் யார் இருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்புறம் நீ என் தோளில் கை போட்டு எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினாய். "இவதான் எங்க காலேஜ்ல லேப் ஃபர்ஸ்ட். நான்லாம் தொட்டுத் தடவி, நக்கிப் பாத்துத்தான் சொல்லுவேன். இவ பாத்தாலே சொல்லிடுவா." என்னோடு வந்திருந்த எங்கள் ஆட்கள் அதைக் கேட்டுக்கொண்டு போய் கம்பெனி முழுக்கப் பரப்பினார்கள். நான் நீ கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மூன்றே மாதம். உன் வீட்டுக்கு வந்த அன்று, சந்துக்குள் நுழைய முடியாமல் மெயின் ரோட்டில் ஏழு மிக்ஸர் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் எல்லாரும் இறங்கி உனக்காக நடந்து வந்தார்கள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் செத்தால் எத்தனை லாரி நிற்கும் என்று யோசித்தேன். அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

இன்று காலை பள்ளத்தில் நின்றபோது வந்துகொண்டிருந்ததும் உன் பிளான்ட் லாரிகள்தான். அந்த வெள்ளையை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்தால் எனக்கு எதுவும் தெரியவில்லை.

"இன்னா மேடம்," என்றார் முனியப்பா. "பாத்தாலே சொல்லிடுவீங்களே?"

சுக்கான் என்று சொல்லிவிட்டால் வேலை நடக்கும். சந்தேகமாக இருக்கிறது, லேபுக்கு அனுப்புங்கள் என்று சொல்லியும் தப்பித்திருக்கலாம். என் பேரும் தங்கியிருக்கும். நான் குனிந்து ஒரு கட்டியைப் பெயர்த்தேன். துப்பட்டாவால் துடைத்தேன். பதினைந்து பேர் பார்க்க, நிமிர்ந்து நின்று, நாக்கில் வைத்தேன். கையை எடுத்தேன். அது விழவில்லை.

மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நான் கட்டியைப் பிய்த்து எடுத்து முனியப்பாவிடம் நீட்டினேன். நாக்கு பட்ட இடம் கறுத்து ஈரமாக இருந்தது.

"களிமண்ணு. இந்த மூலையில கான்கிரீட் வேணாம், இன்னும் தோண்டணும். லாரிய நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். "பாத்தா எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்ல முனியப்பா. என்கூடப் படிச்சவ ஒருத்தி இப்டித்தான் கண்டுபிடிப்பா. அவகிட்டேர்ந்து திருடினது."

அவர் என்னையும் கட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜேசிபிக்காரரைக் கூப்பிடப் போனார்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் இந்த ஷெட்டுக்குள் வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். "ரெண்டு அடிக்கு வெண்ண மாதிரி வருது மேடம், நீங்க சொன்னது சரிதான். இன்னொன்னு, ஆளுங்க உங்களுக்கு ஒரு பேரு வெச்சுட்டாங்க. கோவிச்சுக்காதீங்க."

"என்ன பேரு?"

"நாலிகெ மேடம்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் போனதும் கதவைச் சாத்தினேன். அப்புறம்தான் இந்தக் கட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு உனக்கு எழுத ஆரம்பித்தேன். உன் நாக்கும் கையும், உன் ஏழு லாரியும் எனக்கு வராது. நீ நக்கிப் பார்க்க ஆசைப்பட்ட மலையை நான் வீணடித்துவிட்டேன். ஆனால் இந்தப் பேர் இனிமேல் என்னுடையது. இதையாவது உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். திருப்பித் தர மாட்டேன்டி.