அடுத்த வாரமும் நீங்கதானே?

மார்ச் 3

என் அன்பு மகனுக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரி எழுதமாட்டாளாம். போதகர் ஐயா ஆகிவிட்ட உனக்குப் போகிற கடிதம் ஒழுங்கான தமிழில்தான் போகணுமாம். கையெழுத்தே போடத் தெரியாதவனுக்கு எந்தத் தமிழாக இருந்தால் என்ன?

உன் போன கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். கடைசித் தடவை உனக்குக் காய்ச்சல் வந்த வரியைத் தாண்டிவிட்டாள். "காய்ச்சல் எங்கடி போச்சு?" என்றேன். "அதான் சரியாயிடுச்சே, எதுக்கு மறுபடியும்?" என்கிறாள். என்னிடமா?

சேதிக்கு வருகிறேன். நம் போதகர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மற்ற சபை என்றால் பிஷப் அனுப்புகிறவர் பெட்டியோடு வந்து இறங்குவார். நாம் பிரெஸ்பிட்டேரியன் ஆயிற்றே. கூடிப் பேசி, முறைத்துக்கொண்டு, களைத்துப் போன பிறகுதான் ஒருத்தரை அழைப்போம். இந்தத் தடவை முறைப்பே இல்லை. சபைப் பெரியவர்கள் சார்பில் டீக்கடை மூப்பர் உன்னைத்தான் சொன்னார். "மிஷன் வேலைன்னு கடல் தாண்டி அனுப்பினது நாமதானே, கூப்பிடறதுக்கும் நமக்குத்தான் உரிமை" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மே மாதம் சபை கூடுகிறது. ஒரே ஒருத்தர் எழுந்து வேண்டாம் என்றாலும் அழைப்பு போகாது, அது நம் சபை வழக்கம். யார் எழுந்திருக்கப் போகிறார்கள்?

போதகர் வீட்டில் வேலை தொடங்கிவிட்டேன். சமையலறைச் சுவர் ஈரம் குடித்து உப்பிப்போயிருக்கிறது. "இந்த வயசுல சாரம் ஏறணுமா கொத்தனாரே?" என்று கேட்கிறார்கள். என் பிள்ளை குடியிருக்கப் போகிற வீட்டில் வேறு எவன் பூசுவான்?

எப்போது வருகிறாய்?

உன் அப்பா
(பெருவிரல் வைத்திருக்கிறேன், மை அப்பியிருந்தால் அவள் தப்பு)

மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

சாரத்தில் ஏறாதீர்கள். சொன்னால் கேட்கமாட்டீர்கள், கீழ்ப்பலகையிலாவது நில்லுங்கள்.

இங்கே எங்கள் ஆலயம் என்பது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு மேலே உள்ள ஒரு அறை. கீழிருந்து ஆவி ஏறி ஏறிப் பாட்டுப் புத்தகங்கள் ஊதிப்போய், மூடினால் தானே திறந்துகொள்கின்றன. சபையாரில் பாதிப்பேர் அங்கே துணி வெளுக்கிறவர்கள். பாய்லர் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து கை கொடுக்கும்போது, "அடுத்த வாரமும் நீங்கதானே?" என்று அவர் மொழியில் கேட்பார். எனக்கு முன்னால் வந்த மூன்று போதகர்களும் ஒரு வருஷம் தாண்டவில்லையாம். சிரித்துக்கொண்டே "நான்தான்" என்பேன்.

இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை அப்பா. இரண்டு வருஷம் ஆயிற்று, இன்னும் மூன்று இருக்கிறது. அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், யாரிடமாவது நம் மொழியில் பேசினால் போதும் என்று இருக்கிறது. நானாகக் கேட்டுத் திரும்பமாட்டேன். சபை அழைத்தால் அதைக் கர்த்தரின் சொல்லாக எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். தங்கச்சியிடம் சொல்லுங்கள், இந்த வரியைத் தாண்ட வேண்டாம் என்று.

உங்கள் மகன்

மே 19

மகனே,

வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது. அதனால் நானே சொல்கிறேன். இதை எழுதமாட்டேன் என்று உன் தங்கச்சி இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இப்போதும் பேனாவைக் குத்திக் குத்தித்தான் எழுதுகிறாள்.

மூன்று நாளைக்கு முன் சபை கூடியது. உன்னை அழைக்கலாமா என்று கேட்டார்கள். எல்லாரும் சம்மதம் என்றார்கள். "ஆட்சேபணை உண்டா?" என்று செயலாளர் ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்" என்றேன்.

டீக்கடை மூப்பர், "பெத்த பிள்ளை பக்கத்துல இருந்தா கசக்குதா கொத்தனாரே?" என்றார். செயலாளர் காரணம் கேட்டார். "அவனுக்கு அங்க வேலை முடியல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்தபோது ஒருத்தரும் என்னோடு நடக்கவில்லை. உன் தங்கச்சியும் முன்னால் போய்விட்டாள். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் கதவையே திறந்திருக்கமாட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

ஜூன் 11

அப்பா,

கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. கோபத்தில் எழுதிவிடுவேனோ என்ற பயம்தான். கோபம் இன்னும் போகவில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் எத்தனை களைத்திருக்கிறேன் என்று உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன். வர வேண்டும் என்று உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். எழுந்திருக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஊரே திறந்து வைத்த கதவை என் அப்பா போய்ச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். ஏன் அப்பா?

மகன்

ஜூலை 2

என் தங்கமே,

நீ கேட்டது நியாயம். கேட்டிருந்தால் நீ "வரேம்பா" என்றிருப்பாய், நானும் "வாடா" என்றிருப்பேன். அப்புறம் நமக்கு அந்தப் பாய்லர்காரர் ஞாபகமே வந்திருக்காது. அதனால்தான் கேட்கவில்லை.

நீ எழுதிய நாளிலிருந்து அந்த மனுஷன் என்னோடுதான் இருக்கிறார். சுவர் பூசும்போதும் கேட்கிறார், சாப்பிடும்போதும் கேட்கிறார். மூன்று பேர் போன பிறகும் நாலாவது ஆளிடம் கை கொடுத்துக் கேட்கிறாரே, அதற்கு எத்தனை மனசு வேண்டும்? எனக்கு நீ எங்கே இருந்தாலும் பிள்ளைதான். அவருக்கு நீ போனால் போனதுதான். நான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, உன்னை அவர் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி இருந்தது. எழுந்துவிட்டேன். எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே. அந்த வீட்டில் பின்னறையைக் கடைசியாக வெள்ளையடித்தது நான்தான். சன்னல் பக்கம் உன் மேசை, இந்தப் பக்கம் எனக்கு ஒரு கட்டில் என்று இடம்கூடப் பார்த்து வைத்தேன்.

உன் களைப்பை நான் சரியாக எடை போடவில்லையோ என்னவோ. தூரத்தில் இருக்கிறவனுக்கு அது தெரியாது. செயலாளரைப் போய்க் கேட்டேன். வேண்டாம் என்று நின்றவனே எழுந்து, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அழைப்பு போகுமாம். ஆகஸ்ட் கடைசியில் சபை கூடுகிறது. கதவுக்கு இன்னும் தாழ் போடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் கேட்கும்போது உனக்கு என்ன வாயில் வருகிறதோ அதைச் சொல். அவருக்குச் சொன்னதை எனக்கு எழுது. போகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் சபை நடுவில் எழுந்து தலையைக் குனிந்துகொள்கிறேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. டீக்கடை மூப்பர் ஒரு மாசம் என்னைக் கிண்டல் செய்வார், செய்துவிட்டுப் போகட்டும்.

உன் தங்கச்சி இப்போது என்னோடு பேசுகிறாள். இந்தக் கடிதத்தில் ஒரு சொட்டு விழுந்து எழுத்து அழிந்திருக்கும், அது மை இல்லை.

அப்பா

ஜூலை 23

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிறு மழை. ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். ஆராதனை முடிந்ததும் வேண்டுமென்றே புத்தகங்களை அடுக்கிக்கொண்டு தாமதித்தேன். கீழே இறங்கினால் பாய்லர்காரர் குடையோடு வாசலில் நின்றிருந்தார். கை கொடுத்தார், ஆனால் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். குடையை என் கையில் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே நடக்கத் தொடங்கினார்.

பாதித் தெரு போயிருப்பார். நான்தான் பின்னால் ஓடினேன். "அடுத்த வாரமும் நான்தான்" என்றேன். "அப்ப குடையை அடுத்த வாரமே கொடுங்க" என்றார்.

போதகர் வீட்டுக்கு வேறு ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். பின்னறை நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். இன்னும் களைப்பு இருக்கிறது. கோபம் இல்லை.

ஒரே ஒரு குறை அப்பா. உங்கள் கடைசி இரண்டு கடிதத்திலும் தங்கச்சி ஒரு வரியைத் தாண்டிவிட்டாளா, இல்லை நீங்களே சொல்லவில்லையா? எப்போது வருகிறாய் என்று நீங்கள் கேட்கவே இல்லை. பதில் சொல்ல மூன்று வருஷம் ஆகும். ஆனாலும் விடாமல் கேளுங்கள்.

உங்கள் மகன்