நாற்பத்தொன்றாம் படம்

காஜா பேராங்,
மலாக்கா.
8-9-1957

அன்புள்ள அத்தானுக்கு,

சாரதா வணக்கத்தோடு எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். கேட்டால், சுங்கை பூலோ ஆஸ்பத்திரியில் கிடப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முறைப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. கொடுக்கிற மருந்தைத் தவறாமல் சாப்பிடுங்கள். குமட்டுகிறது என்று ஜன்னல் வழியாக வீசிவிடாதீர்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியும்.

ஜூலையில் வந்தபோது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. பார்வையாளர் கொட்டகையில் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். பறவை செட்டில் நாற்பத்தொன்றாம் நம்பர் மட்டும் இல்லை, அது கிடைத்தால் எடுத்துக்கொண்டு வா, கிடைக்காமல் வராதே என்று. பஸ் ஏறும்போது எனக்கு எரிச்சலான எரிச்சல். சாப்பிட்டாயா, வீடு ஒழுகுகிறதா என்று ஒரு வார்த்தை கிடையாது. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் சிகரெட் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்த காகிதப் படம்தான் பெரிதாகப் போயிற்று என்று மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். பஸ் தம்பின் ஊரைத் தாண்டுவதற்குள் கோபம் போய்விட்டது. அங்கே போன நாளிலிருந்து சோறு வேண்டாம், துணி வேண்டாம், நீ வரவேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்த மனிதர் ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டாரே. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

ஆகவே நீங்களும் உங்கள் கூட்டாளி சின்னப்பா அண்ணனும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சுற்றின கடைகளை இப்போது நானும் அவரும் சுற்றுகிறோம். ஊர் எதையாவது பேசும் என்று தன் பெண்சாதி மீனாச்சி அக்காளையும் கூட்டிக்கொண்டு வருகிறார். அவர்கள் சிட்டிக் கம்போங்காரர்கள், பேர்தான் தமிழ், தமிழ் பேச வராது, அவர்கள் பேசும் மலாய் எனக்குப் பாதிதான் புரியும், ஆனாலும் மூன்று பேரும் வாய் ஓயாமல்தான் நடக்கிறோம். அக்காள் நல்ல கெபாயாச் சட்டையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, குடையும் பிடித்துக்கொண்டு, இரண்டாவது கடையிலேயே கால் வலிக்கிறது என்று முக்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

முதலில் ஜாலான் துக்காங் எமாஸ் தெரு. பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பள்ளிவாசல் பக்கத்தில் பத்திரிகையும் சிகரெட்டும் விற்கிற ராவுத்தர் கடைக்குப் போனோம். மேல்தட்டிலிருந்து ஒரு பால்மாவு டின்னை இறக்கிக் கவிழ்த்தார். நான் ஒன்றை எடுத்ததும் சின்னப்பா அண்ணன் ஓர் அதட்டல் போட்டார். ஓரத்தில் பிடிக்கவேண்டுமாம், படத்தின் மேல் விரல் படக்கூடாதாம். பின்பக்கம் திருப்பி நம்பரைப் பார்க்கவேண்டுமாம். கடையில் எல்லோரும் பார்க்கும்படி வாங்கிக்கட்டிக்கொண்டேன். மீன்கொத்தியா, வேறு எதுவா, நாற்பத்தொன்று எந்தப் பறவை என்று கேட்டேன். மீன்கொத்திதான் என்றார்.

மாற்றிக்கொள்ள உங்களிடம் இரண்டிரண்டாய் இருந்த படங்களை ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ராவுத்தர் அவற்றைக் கையில் வாங்கவில்லை. மேசையில் வைம்மா என்றார். வைத்தேன். அடிக்கோல் குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, எல்லாம் நம்மகிட்ட இருக்குதும்மா என்று அதே குச்சியால் என் பக்கம் தள்ளிவிட்டார். நல்ல மனிதர்தான், உங்களை விசாரிக்கவும் செய்தார். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், கை எழுதிவிட்டது.

இன்னொரு சேதி. என் அண்ணன் கலியாணசுந்தரம் சிகாமட்டிலிருந்து வந்திருந்தார். தீபாவளி கழிந்ததும் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னை அழைத்துப்போய்விடுவாராம். ஒத்தைப் பொம்பளையா இந்த வீட்டுல எத்தனை நாளைக்கு இருந்துருவ, அந்தாளு திரும்பி வர்ற எடத்துக்கா போயிருக்காரு என்று கேட்டார். நான் சண்டை போடவில்லை. அத்தான் கேட்ட படம் கிடைத்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இருக்கட்டுமா போகட்டுமா என்று அவரையே கேட்டுக்கொண்டு வருகிறேன், இரு என்றால் இருப்பேன், போ என்றால் வருகிறேன் என்றேன். படமா என்றார் அண்ணன். ஆமாம், படம்தான் என்றேன்.

ஆகவே நாற்பத்தொன்று கிடைத்தாக வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சாரதாம்பாள்


காஜா பேராங்,
22-9-1957

அன்புள்ள அத்தானுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டதும் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், பாவம்.

செமாபோக் போய் வந்தோம். அங்கே முடிவெட்டுகிற ராமச்சந்திரன் கடையில், காத்திருப்பவர்கள் பார்ப்பதற்கென்று ஒரு தட்டு நிறையச் சிகரெட் படம் வைத்திருக்கிறார் என்று நீங்கள் சொல்வீர்களே, அந்தக் கடை. கப்பல் இருக்கிறது, கொடி இருக்கிறது, சீனத்து அழகிகள் இருக்கிறார்கள், பறவையும் பத்துப் பன்னிரண்டு இருக்கிறது, நாற்பத்தொன்று இல்லை. ஆம்பிளைகள் முடிவெட்டிக்கொள்ளும் இடத்தில் நான் நின்று தட்டைக் கிளறியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மீனாச்சி அக்காள் வாசலில் குடையை விரித்துப் பிடித்து எனக்கு மறைப்புக் கட்டினார்.

உங்கள் கூட்டாளிக்கு வயதாகிவிட்டது, அத்தான். திரும்பி வரும்போது நாற்பத்தொன்று எந்தப் பறவை என்று சும்மா கேட்டேன். இருவாச்சி என்கிறார். போன தடவை மீன்கொத்தி என்றீர்களே என்றேன். தாக் அப்பா, பரவாயில்லை, பறவைதானே, விடு என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். இப்படி மறதிக்காரரை நம்பித்தான் நான் தெருத்தெருவாக அலைகிறேன்.

மெர்டேக்கா சுதந்திரத்துக்குக் கட்டின தோரணங்கள் மழையில் சாயம் போய்த் தொங்குகின்றன. எல்லோர் வாயிலும் இனி நம்ம நாடு என்கிற பேச்சுத்தான். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தீபாவளி நெருங்கியும் தைக்கச் சொல்லி ஒரு ரவிக்கைத் துணிகூட வரவில்லை. வெட்டி வைத்திருந்த துணியையும் எதிர்வீட்டு ஜெயா வந்து, அவசரமில்லை அக்கா என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வாங்கும்போது பழைய பேப்பரில் சுற்றித்தரச் சொன்னாள். குஷ்டம் என்றோ பெருவியாதி என்றோ யாரும் என் முன்னால் சொல்வதில்லை. அந்த மட்டில் மரியாதை இருக்கிறது.

தெங்கேராவில் பழைய சாமான் விற்கிற சீனக் கிழவர் கடை ஒன்றுதான் பாக்கி. மூவாரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம், பூட்டிக் கிடக்கிறது. அவர் திரும்பி வந்தாலும் முன்கோபி, போகவேண்டாம் என்கிறார் சின்னப்பா அண்ணன். கிழவர் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும், நான் பார்க்காத கோபமா. வந்ததும் போவேன்.

ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பக்கத்துக் கட்டிலில் யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

சாரதா


காஜா பேராங்,
6-10-1957

அன்புள்ள அத்தானுக்கு,

தெங்கேராக் கடை நேற்றுத் திறந்திருந்தது.

சின்னப்பா அண்ணன் வரமாட்டேன் என்றார். முதலில் தலைவலி என்றார், அப்புறம் கோயிலில் வேலை என்றார். மீனாச்சி அக்காள்தான் அவர் சட்டையை எடுத்து அவர் மேலேயே எறிந்து, போட்டுக்கொண்டு நட என்றார். வழியெல்லாம் எங்களுக்குப் பத்தடி பின்னால்தான் நடந்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இதுதான் கடைசிக் கடை, இங்கே இருந்தாக வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டே போனேன்.

கடிகாரமும் கிராமபோனும் உடைந்த நாற்காலியுமாக நடுவில் அந்தக் கிழவர் உட்கார்ந்திருந்தார். கோபக்காரராகத் தெரியவில்லை. பறவை செட், நாற்பத்தொன்று என்று மலாயில் கேட்டேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறமும் சிரித்தார். அது தாக் அடா, கிடையாது, இங்கே மட்டுமில்லை, எங்கேயும் தாக் அடா என்றார்.

கம்பெனிக்காரன் அந்த நம்பரை அச்சடிக்கவே இல்லையாம், அத்தான். முழு செட் கொண்டுவந்தால் கைக்கடிகாரம் பரிசு என்று அறிவித்துவிட்டு, ஒரு படத்தை மட்டும் போடாமலே விட்டுவிட்டானாம். அது வரும் வரும் என்று ஜனங்கள் ஊதித் தள்ளினார்களாம். கிழவருடைய தமையனே அந்தக் கடிகாரத்துக்காக ஊதி ஊதி நெஞ்சு கெட்டுப் போனவராம். படம் சேர்க்கிற யாரைக் கேட்டாலும் இது தெரியும், உன் புருஷன் இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். சின்னப்பா அண்ணன் ஓடாத ஒரு கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடலோரமாக நடந்தோம். பாதி வழியில் அக்காள் ஒரு கட்டையில் உட்கார்ந்துகொண்டு, சொல்லிவிட்டு நட, சொல்லாமல் நான் எழுந்திருக்கமாட்டேன் என்று புருஷனைப் பார்த்துச் சொன்னார். சின்னப்பா அண்ணன் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலேயே நீங்கள் அவரிடம் கேட்டுக்கொண்டீர்களாம். அவளை வராதே என்று சொன்னால் கேட்கமாட்டாள், இல்லாததைத் தேடச் சொல்கிறேன், நீ கூடவே போ, உண்மையைச் சொல்லாதே, இரண்டு வாரம் அலைந்தால் அலுத்துப்போய் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று. அவரும் சரி என்று கையடித்துக் கொடுத்தாராம்.

அடிக், தங்கச்சி, நீ அலுத்துக்கொள்ளவில்லையே, நான் என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். முதல் கடையில் உனக்காக நடித்தேன், செமாபோக்கில் நடிக்கவில்லை, ஒருவேளை எங்கேயாவது ஒன்றே ஒன்று அச்சாகியிருக்குமோ என்று நானும் தேடித்தான் பார்த்தேன் என்றார். இத்தனை வருஷம் படம் சேர்த்த மனிதர். அவர் அழுததை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மேல்தான் கோபம். நன்றாகவே இருக்கிறது. ஏன் அத்தான், வராதே, இனி நீ எனக்கு வேண்டாம் என்று என்னைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லையா? கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் என்னை முட்டாளாக்கினதுகூடப் பெரிதில்லை. உங்களுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் அந்த நினைப்பில்தான் அடுப்பு மூட்டினேன். உங்களுக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மருந்தில் குணமாகி வெளியே வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். குணமானாலும் இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை என்று முன்னாலேயே முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைப்பு. உங்கள் நல்லதில் என்னைக் கேட்காமல் செய்ததுதான் அதிகம்.

ராத்திரிதோறும் புரட்டுகிற உங்கள் படப்புத்தகத்தை நேற்று எடுத்துப் பார்க்கவில்லை. அதை இனி நான் தொடுவதாக இல்லை. நீங்கள் சின்னப்பா அண்ணனுக்குக் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுகிறேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வருகிறேன். கையில் எதுவும் கொண்டுவரமாட்டேன். கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்து இரு என்றோ போ என்றோ என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரு என்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் வெளியே வரமாட்டீர்கள் என்றுதான் மனசு சொல்கிறது. கடைசி பஸ்ஸுக்கு மணியாகும் வரை இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். சத்தம் போட்டு உங்கள் பேரைக் கூப்பிட மாட்டேன், பயப்படவேண்டாம். அப்புறம் அண்ணனோடு சிகாமட் போய்விடுகிறேன். சாவியை மீனாச்சி அக்காளிடம் கொடுத்து வைத்திருப்பேன். வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சாவிதான், இருந்தாலும் உங்களுக்கென்று இன்னொரு சாவி செய்து வைத்திருக்கிறேன்.

பிள்ளையார் உங்களுக்குத் துணையிருக்கட்டும். தீபாவளியன்று விடிகாலையில் அங்கே யாராவது உங்கள் தலையில் எண்ணெய் வைக்க வந்தால், கிட்டே வராதே என்று விரட்டாமல், குனிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்
சாரதாம்பாள்