மட்கார்டு ஓரத்தில் பொசுங்கிய கறுப்பு

நேற்று கோலா தெர்லா ஊர்ப் பட்டறையில் ஒரு காருக்கு மிஷின் வைத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் பொசுங்கும் வாசம் வந்தது. "ஓரத்துல வைக்காதே லா!" என்று நான் போட்ட கத்தலில் பட்டறைக்காரன் மிஷினையே நிறுத்திவிட்டான். அது உன் பேச்சு, கூட்டாளி. நாற்பது வருஷம் கழித்து என் வாயிலிருந்து வந்தது.

ஜப்பான்காரன் இங்கே பிடித்து ஆண்ட காலத்தில் நாம் இருவரும் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர்கள். ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் கறுப்புக் காரை ஜப்பான் அதிகாரி எடுத்துக்கொண்டான். முகம் தெரிகிற மாதிரி பளபளக்க வேண்டும் என்றான். ஃபேக்டரியின் கரண்ட் டிரில் மிஷினில் கம்பளியில் வெட்டிய வட்டை மாட்டித் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க பானட்டில் வட்டவட்டமாகக் கீறல். பாலிஷ் பசையை மாற்றினோம், தண்ணீர் தெளித்தோம், போகவில்லை. கடைசியில் நீ கம்பளியை மோந்து பார்த்தாய்.

"தேயில வாசம் அடிக்குதுடா. இத எங்க காய வச்ச?"

அந்த மலைப் பனியில் வெளியே எது காய்ந்தது? துவைத்ததை இலை உலர்த்தும் அறையில் தொங்கவிட்டிருந்தேன். அங்கே பறக்கிற தூளும் மண்ணும் கம்பளி முழுக்க ஒட்டியிருந்தன.

"ஜப்பான்காரன் காருக்குத் தேத்தண்ணி ஊத்திட்டியே" என்று சிரித்தாய். நீ போர்த்திக்கொள்ளும் கம்பளியையே வெட்டிப் புது வட்டு செய்து தந்தாய். "ஓரத்துல வைக்காதே, அங்க பெயிண்ட் மெலிசு" என்று சொல்லிவிட்டு மெழுகு எடுக்கப் போனாய்.

எனக்குத்தான் அவசரம். சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாம் என்று மட்கார்டு ஓரத்தில் அழுத்தினேன். நீ திரும்பி வருவதற்குள் கறுப்பு போய் இரும்பு தெரிந்தது. மிஷினைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றேன். மெழுகோடு வந்த நீ, அதிகாரி வரும் சத்தம் கேட்டதும் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டாய். அவன் ஓரத்தைக் காட்டி உறுமினான்.

"நாந்தான்" என்றாய்.

என் மனைவி பிள்ளைத்தாச்சியாக இருந்ததை நினைத்தாயா? உனக்கும் பெண்டாட்டி இருந்தாளே, பாவி! உன்னை அறைந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்துப்போன லோரியில் உன்னையும் ஏற்றினார்கள். நீ திரும்பவே இல்லை.

உன் மனைவி என்னிடம் வந்து கேட்டாள். "அண்ணே, அவரு என்ன தப்பு செஞ்சாரு?"

"பெயிண்ட்ட பொசுக்கிட்டாரு, தங்கச்சி."

கொஞ்சம் பார்த்துச் செய்திருக்கக் கூடாதா என்று சாகும்வரை உன்னைத்தான் நொந்துகொண்டாள்.

நேற்று பட்டறைக்காரன் மிஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "அங்கிள், நீங்க இப்படிப் பொசுக்கியிருக்கீங்களா?"

ஜப்பான்காரன் போய் எத்தனை காலம் ஆகிறது. உன் மனைவியும் இல்லை. இனி யாருக்குப் பயம்?

"நானில்ல, என் கூட்டாளி" என்றேன்.