பொம்மையின் கை

சனிக்கிழமை இரவு, ஈசூன், சிங்கப்பூர்.

இன்று சமூக மன்றத்தில் ஏஇடி வகுப்பு. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி அது. எங்கள் புளோக்கில் லிஃப்ட் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. மனைவி ரீட்டாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு நான்தான் பிடிவாதமாகப் பெயர் கொடுத்தேன். அவளும் கூட வந்தாள்.

"இத்துணூண்டு பேட்டரிக்கு அவ்ளோ சக்தியா?" என்றாள்.

இயற்பியல் வாத்தியாரான கணவனிடம் கேட்டால் விடுவேனா? பேட்டரியால் அவ்வளவையும் ஒரேயடியாகத் தர முடியாது; உள்ளே இருக்கும் மின்தேக்கியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். அதன் தகடுகளில் மின்னூட்டம் சேரச் சேர, மேலும் ஏற்றுவதற்குக் கூடுதல் வேலை செய்ய வேண்டும். அந்த வேலைதான் ஆற்றலாக உள்ளே காத்திருக்கிறது. வழி கிடைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்துவிடும், தொட்டுக்கொண்டிருப்பவர் மீதும்.

என் முறை வந்தது. யாரும் தொடாதீர்கள் என்று பெட்டி சொன்னது. நான் நோயாளியாகக் கிடத்தியிருந்த பயிற்சிப் பொம்மையின் கையைப் பிடித்தபடியே இருந்தேன்.

"அங்கிள், கைய எடுங்க லா!" என்று பயிற்சி கொடுத்த பெண் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். ரீட்டாவுக்குத்தான் சிரிப்பு அடங்கவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு ஒண்ணுன்னா கைய விட்டுடணும், சரியா? விட்டாத்தான் நான் திரும்பி வருவேன்."

சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். நோட்டு நழுவிக்கொண்டே இருக்கிறது, எழுத்தெல்லாம் கோணல். அழுத்திப் பிடிக்க வேண்டிய இடது கை அவளிடம் இருக்கிறது.