வெட்டினவங்கதான் சமைக்கணும்

ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டுமென்று, நர்ஸம்மா ஆசையாய் வளர்த்த பூசணிக்கொடியை அவள் கணவர் நேற்று அடியோடு வெட்டிவிட்டார். அதோடு வீட்டில் பேச்சு நின்றது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன், கிழித்த காலண்டர் தாளில் எழுதி இலைக்குவியல்மேல் வைத்தாள்.

"மத்தியானம் உங்க அக்கா சாப்பிட வர்றாங்க. வேற காய் இல்ல. நீங்க பண்ணின அறுவடையையே சமைச்சுடுங்க. பூசணி இலையும் கீரைதான், இளசா பார்த்து எடுங்க. காம்புல நார் உரிக்கணும், இல்லேன்னா தொண்டையில சிக்கும். சுணை போகக் கசக்கி அலசி, பொடியா நறுக்கி, வெங்காயத்தோட வதக்குங்க. குவியலைப் பார்த்துப் பயப்படாதீங்க, வதங்கினா கைப்பிடிதான் வரும். என் கோபமும் அப்படித்தான்னு நினைச்சுக்காதீங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்: "கையில கீறல் பார்த்தேன். களிம்பு மேல்தட்டுல இருக்கு."

சாயங்காலம் மேசையில் அவள் பங்கு மூடியிருந்தது. அதே தாளின் ஓரத்தில் அவர் எழுத்து: "அக்கா கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. நான் சமைச்சேன்னா நம்பல. இனிமே வரும்போதெல்லாம் இதுதான் வேணுமாம். இலைக்கு எங்க போறது?"

சாப்பிட்டுக் கை கழுவியபின் அவள் வாய் திறந்தாள்.

"ஸ்கூட்டரைத் தெருவுல நிறுத்துங்க. விதை ஊனணும்."